எழுத்துப் பயிற்சி நோட்டை எட்டு வாரம் மூடி வையுங்கள்

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பு ஆசிரியை நான். இது இரண்டாவது வருடம். 21 பிள்ளைகள், எல்லாருக்கும் ஐந்து வயது. "பக்கத்துத் தாடிகாவில் (மழலையர் பள்ளியில்) அ முதல் ஃ வரை எழுதுகிறார்கள், இங்கே விளையாட்டுதான் நடக்கிறது" என்று பெற்றோர் சொல்லப்போய், மூன்று மாதமாகத் தினம் ஒரு பக்கம் எழுத்துப் பயிற்சி கொடுக்கிறேன். இப்போது ஆறேழு பேர் பென்சிலைத் தொட்டாலே "டீச்சர், கை வலிக்குது" என்கிறார்கள். ஒருவன் அழுகிறான். சிலர் எழுத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். மூன்று பேர் வீட்டில் ஆங்கிலம்தான். தமிழில் கேட்டால் வாய் திறப்பதில்லை. இடக்கைப் பழக்கமுள்ள ஒருவனை வலக்கைக்கு மாற்றும்படி அவன் பாட்டி கேட்கிறார். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். எழுத்துப் பயிற்சியை நிறுத்தலாமா? நிறுத்தினால் எதைக் காட்டுவது?

பதில்:

வணக்கம் ஆசிரியை. நிறுத்துங்கள். எட்டு வாரத்துக்கு அந்த நோட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். ஆனால் அந்த நேரத்தைக் காலியாக விடாதீர்கள். அந்த இருபது நிமிடத்தில் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

கை வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை சாக்குச் சொல்லவில்லை. அவன் பென்சில் பிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் பாருங்கள். நான்கு விரலும் முட்டிபோல் மடங்கி, கட்டைவிரல் மேலே சுற்றியிருக்கும். மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்திருக்கும். நகம் வெளுத்திருக்கும். எழுதுவது விரல் இல்லை, முழங்கையும் தோளும்தான். அந்தப் பக்கத்தைத் திருப்பி விரலால் தடவுங்கள்; எழுதியதெல்லாம் பின்பக்கம் மேடுமேடாகத் தட்டுப்படும். அவ்வளவு அழுத்தத்தோடு ஒரு பக்கம் எழுதினால் பெரியவர்களுக்கே கை வலிக்கும்.

பார்த்து வரைவதில் பிள்ளைகளுக்கு ஒரு படிவரிசை உண்டு. வட்டம் பெரும்பாலும் மூன்று வயதில் வரும், கூட்டல் குறி நான்கில், சதுரம் நாலரை ஐந்தில். முக்கோணம், அதாவது சாய்கோடு, ஐந்தைத் தாண்டித்தான். இப்போது 'அ' என்ற எழுத்தைப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு பெரிய வளைவு, குறுக்கே ஒரு கோடு, கடைசியில் ஒரு நெட்டுக்கோடு. 'இ' இன்னும் சிக்கல். உயிரெழுத்து முதலில், மெய்யெழுத்து அடுத்து என்ற வரிசை ஒலியிலக்கணத்துக்கு அழகாகப் பொருந்தும். கைக்கு அது தலைகீழ் வரிசை: எழுதக் கடினமானது முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது.

முதலில் நாற்காலியைச் சரிபாருங்கள், அரைமணி நேர வேலைதான். உங்கள் பிள்ளைகள் உயரத்துக்கு இருக்கை தரையிலிருந்து 26 முதல் 31 சென்டிமீட்டருக்குள், மேசை 46 முதல் 53-க்குள் இருக்கவேண்டும். அளவுநாடா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படவேண்டும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரவேண்டும். கால் தொங்கும் பிள்ளை விழாமல் இருக்கவே தோளை இறுக்கிக்கொள்வான், அந்த இறுக்கம் விரல்வரை இறங்கும். நாற்காலி உயரமாக இருந்தால் பழைய தடித்த புத்தகங்கள் இரண்டு மூன்றை டேப் ஒட்டி காலடியில் வையுங்கள்.

அடுத்து கைவேலை. ஐந்து ஐந்து பேராக நான்கு மேசை, மிச்சம் ஒருவர் எந்த மேசையிலாவது சேர்ந்துகொள்ளட்டும். நீங்கள் ஒரு மேசையில், உதவியாளர் ஒரு மேசையில், மற்ற இரண்டும் பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடிய வேலைகள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேசை மாறினால் இருபது நிமிடத்தில் ஒவ்வொருவரும் இரண்டு வேலை செய்துவிடுவார்கள்.

பிசையும் மாவு ஒரு மேசையில். இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் கப் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடவேண்டும். பினாங்கு ஈரப்பதத்தில் மாவு தானாகவே இளகும், முதலிலேயே ஒரு கப் ஊற்றினால் பத்து மணிக்குள் விரலில் ஒட்டி ஒருவரும் தொடமாட்டார்கள். உப்பு குறைந்தால் பூசணம் பிடிக்கும். மூடி இறுகிய டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் அந்த மேசைக்கு அரிசிமாவு. அதில் சும்மா உருட்டவிட்டால் போதாது. முறுக்குப்போல நீளமாக உருட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மட்டும் சேர்த்துக் கிள்ளிக் கிள்ளிப் பட்டாணி அளவில் பத்து உருண்டை செய் என்று வேலை கொடுங்கள். கிள்ளுவதுதான் முக்கியம்.

இரண்டாவது மேசையில் கோலம். கருப்பு அட்டையில் நீங்கள் ஆறு புள்ளி வைத்துக் கொடுங்கள், பிள்ளை மாவை இரண்டு விரலால் எடுத்து அந்தப் புள்ளிகள்மேல் வைக்கட்டும். புள்ளி பழகியபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு. மாவை அளவாக விடுவதற்கு விரல் நுனி எவ்வளவு நுட்பமாகத் திறந்து மூடவேண்டும் என்று நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பென்சில் கேட்பதும் அதே நுட்பத்தைத்தான். முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு.

மூன்றாவதில் கத்தரி. இங்கே எல்லாரும் செய்யும் தவறு, முதல் நாளே வட்டம் வெட்டச் சொல்வது. முதலில் இரண்டு சென்டிமீட்டர் அகல அட்டைக் கீற்று, ஒரே வெட்டில் துண்டாகும்படி. அடுத்த வாரம் பத்து சென்டிமீட்டர் நேர்கோடு. வளைவு அதற்கும் பின்னால். கட்டைவிரல் எப்போதும் மேலே இருக்கவேண்டும். வளைவில் திரும்பவேண்டியது காகிதம், கத்தரி இல்லை. சாதாரணத் தாளைவிடக் கொஞ்சம் விறைப்பான அட்டைதான் எளிது, மெல்லிய தாள் கத்தரிக்குள் மடங்கிப் பிள்ளையைச் சோர்வடையச் செய்யும்.

நான்காவது மேசைக்குப் பதில் சுவர். பெரிய தாள் ஒன்றைப் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டி, மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு உடைத்த கிரேயான் துண்டுகளைக் கொடுங்கள். செங்குத்தான தாளில் வரையும்போது மணிக்கட்டு தானாக மேல்நோக்கி நிமிரும். துண்டு குட்டையாக இருந்தால் முட்டிப்பிடி பிடிக்க இடமே கிடையாது. மூன்று விரல்தான் பிடிக்கமுடியும். "இப்படிப் பிடி, அப்படிப் பிடி" என்று நாள்முழுதும் திருத்துவதைவிட இது நல்லது. புதுக் கிரேயானை உடைக்க மனம் வராது என்பது தெரியும். உடையுங்கள்.

நான்கு வாரம் இப்படிப் போகட்டும். ஐந்தாம் வாரத்திலிருந்து எழுத்து, ஆனால் பென்சிலில் இல்லை. மாண்டிசோரி வகுப்புகளில் நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கும் மணல்தாள் எழுத்தை நீங்களே செய்யலாம். மெல்லிய சொரசொரப்புள்ள மணல்தாளில் 12 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். பிள்ளை ஆள்காட்டிவிரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவிக்கொண்டு அந்த ஒலியைச் சொல்லவேண்டும். தடவத் தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள். கீழிருந்து மேலே எழுதும் பழக்கம் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் முதலாம் ஆண்டில் அதை மாற்றப் பெரும்பாடு.

எந்த எழுத்து முதலில்? ப, ம, ட. ப, ட இரண்டும் நேர்கோடும் மடிப்பும்தான், ம-வில் மட்டும் ஒரு வளைவு கூடும். இந்த மூன்றோடு ம், ட் என்ற புள்ளி வைத்த இரண்டும் சேர்ந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று வாசிக்கச் சொற்கள் கிடைத்துவிடும். அடுத்த கட்டத்தில் க, ர, ல் சேருங்கள்: மரம், கல், பல், பகல், கடல். அதற்கடுத்து துணைக்கால் ஒன்றுமட்டும்: பால், கால், பாடம், மாமா, காகம். ஒன்பது வடிவத்துக்குள் ஐந்து வயதுப் பிள்ளை பத்துப் பதினைந்து சொல் வாசிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஒரு நேரத்தில் இரண்டு எழுத்துக்குமேல் வேண்டாம், அதுவும் ஒன்றுக்கொன்று ஒட்டாத வடிவமாக இருக்கட்டும். ட-வையும் ம-வையும் சேர்த்துக் கொடுங்கள். ப-வையும் ம-வையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். எ-ஏ, ஒ-ஓ, ன-ண இவையெல்லாம் அடுத்தடுத்து வந்தால் குழப்பம் நிச்சயம். கற்பிக்கும் முறை மூன்றே படி. "இது ம" என்று நீங்கள் சொல்லுங்கள். பிறகு "ம எங்கே? என் கையில் கொடு" என்று நாலைந்து தடவை இடம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அதில் தடுமாறாதபோதுதான் "இது என்ன?" என்ற கேள்வி. நாம் பெரும்பாலும் நடுப்படியைத் தாண்டி மூன்றாவதுக்கு ஓடிவிடுகிறோம். பிள்ளை விழிப்பது அதனால்தான்.

எழுத்தின் பெயரையும் ஒலியையும் கலக்காதீர்கள். வீட்டில் 'பானா, மானா' என்று சொல்லித்தருவார்கள். 'பானா, டானா, இம்மன்னா' சேர்ந்தால் படம் என்று எந்தப் பிள்ளைக்குக் கேட்கும்? வகுப்பில் 'ப', 'ட', 'ம்' மட்டும்.

காதுக்கும் பயிற்சி வேண்டும், தினம் ஐந்து நிமிடம். சொல்லுக்குக் கைதட்டும் விளையாட்டு நீங்கள் செய்திருப்பீர்கள். அதில் ஒரு நுணுக்கம் தவறிப்போகிறது. 'அம்மா'வுக்கு அ-ம்-மா என்று மூன்று தட்டல் தட்டவைக்கிறோம். அது எழுத்துக் கணக்கு. காதில் விழுவது அம்-மா, இரண்டுதான். மாம்-ப-ழம் மூன்று, வா-ழைப்-ப-ழம் நான்கு, நாய் ஒன்று. முதலில் காதுக் கணக்கு உறுதியாகட்டும். புள்ளியெழுத்தைத் தனியாகப் பிரிப்பது அதற்குப் பின்னால்தான். இது வந்தபின் முதல் ஒலி: "ம-வில் தொடங்கும் பெயர் உள்ளவர்கள் கை கழுவப் போகலாம்" என்று வரிசையை அனுப்புங்கள். ட, ர இரண்டிலும் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதால் அவற்றுக்கு முதலெழுத்துப் படம் தேடி அலையவேண்டாம். சொல்லின் நடுவே காட்டுங்கள்.

கெ, கை, கொ போன்றவற்றை இந்த வருடம் எழுதவைக்கவேண்டாம். 'கெ' என்று சொல்லும்போது பிள்ளைக்குக் க முதலில் கேட்கிறது, எழுதும் விரலோ கொம்பை முதலில் போடவேண்டியிருக்கிறது. உகரமும் அப்படித்தான்: கு, பு, து மூன்றிலும் ஒரே ஒலி மூன்று வடிவம் எடுக்கிறது. வாசிப்பில் வந்தால் வரட்டும். எழுத்தைத் திருப்பிப் போடுவதைப் பற்றியும் கவலை வேண்டாம், ஏழு வயதுவரை அது சாதாரணம். சிவப்பு மையால் அடிக்காமல் மணல்தாளைத் திரும்பத் தடவவிடுங்கள்.

பென்சிலில் எழுத ஒரே ஒரு சொல் இருக்கட்டும், பிள்ளையின் சொந்தப் பெயர். காலையில் வந்ததும் தன் பெயரட்டையை எடுத்துப் பலகையில் மாட்டுவதே வருகைப் பதிவு. முதல் இரண்டு வாரம் அட்டையில் புகைப்படம் இருக்கட்டும், பிறகு எடுத்துவிடுங்கள். பெயரில் ஷ, ஸ்ரீ என்று கடினமான எழுத்து இருந்தாலும் அதைப் பிள்ளை விரும்பிக் கற்கும், ஏனென்றால் அது தன்னுடையது.

ஆங்கிலம் பேசும் மூன்று பேரையும் "தமிழ்ல சொல்லு" என்று நிறுத்தி வைக்காதீர்கள். புது மொழிச் சூழலுக்குள் வரும் பிள்ளைகளில் பலர் சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்; அந்த நேரத்தில் உள்ளே நிறைய ஏறுகிறது. பையன் "டீச்சர், ஐ வான்ட் த ரெட் கார்" என்றால், "சிவப்புக் கார் வேணுமா? இந்தா, சிவப்புக் கார்" என்று காரையும் சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். திரும்பச் சொல்லவைக்காதீர்கள். "என்ன வேணும்?" என்பதைவிட "பாலா, தண்ணியா?" என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம், ஏனென்றால் விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் ஊரில் இவர்களுக்கு ஏற்ற விளையாட்டு, ஜார்ஜ்டவுனுக்குப் போகும் ஃபெரிப் படகு. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒருவர் டிக்கெட் கிழிக்க, ஒருவர் ஓட்ட, "ஏறுங்க, உட்காருங்க, எழுந்திருங்க, ஜார்ஜ்டவுன் வந்தாச்சு, இறங்குங்க." வாய் பேசாத பிள்ளையும் சொல்லுக்கு உடம்பால் பதில் சொல்லும். மூன்றாவது நாள் அவனே டிக்கெட்காரனாக வரக் கேட்பான். டிக்கெட்டில் அவர்கள் கிறுக்குவதைத் தூக்கி எறியாதீர்கள், அதுவும் எழுத்துதான்.

கதை வாசிக்கும்போது ஒரே புத்தகத்தை வாரத்தில் நான்கு நாள் வாசியுங்கள். முதல் நாள் பேச்சுத்தமிழில் கதையைச் சொல்லிவிடுங்கள், இரண்டாம் நாளிலிருந்து புத்தகத்தில் இருக்கிறபடியே. வீட்டில் நன்றாகத் தமிழ் பேசும் பிள்ளைக்கும் 'போறான்' என்பது 'போகிறான்' என்று அச்சில் வருவது புதுசு. அதை முன்கூட்டியே காதில் கேட்டிருந்தால் முதலாம் ஆண்டில் வாசிக்கும்போது மிரளமாட்டான்.

இடக்கைப் பிள்ளையை மாற்றவே கூடாது. மேசையின் இடது ஓரத்தில் உட்காரவையுங்கள், முழங்கை பக்கத்துப் பிள்ளைமேல் இடிக்காது. தாளை அவன் உடம்பின் நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கம் வைத்து, மேல்விளிம்பு வலப்பக்கம் சாயும்படி திருப்புங்கள். பென்சிலைக் கூரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் எழுதியது அவனுக்குத் தெரியும், கையால் அழியாது. இடக்கைக் கத்தரி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். பாட்டியிடம், சாப்பிடுவதும் திருநீறு வாங்குவதும் வலக்கையிலேயே இருக்கட்டும், எழுதுவதற்கு மட்டும் அவன் கையை அவனுக்கு விட்டுவிடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் இரண்டையும் சிரமமில்லாமல் வைத்துக்கொள்வார்கள். வீட்டில் அந்தப் பாட்டி எழுத்துச் சொல்லித்தருகிறார் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: தமிழ்நாட்டில் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் படித்தவர்கள் 'லை', 'னை' இரண்டையும் யானைத் தும்பிக்கை போட்டு எழுதுவார்கள். தவறு என்று சொல்லாமல் புதிய வடிவ அட்டை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

இனி பெற்றோர் கூட்டம். விளக்கவுரை வேண்டாம். ஆளுக்கொரு பென்சிலும் தாளும் கொடுத்து, பழக்கமில்லாத கையால் இரண்டு நிமிடம் தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதச் சொல்லுங்கள். பென்சிலை வைத்ததும் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். பிறகு ஏடு தொடக்குவதை நினைவுபடுத்துங்கள்: அன்றைக்குப் பிள்ளைக்கு யாரும் பென்சில் கொடுப்பதில்லை, பச்சரிசியில் விரலைப் பிடித்துத்தான் எழுதவைக்கிறோம்.

காட்டுவதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு போதும். மாதம் ஒருமுறை ஒரே வேலை: தன்னைத்தானே வரைந்து பெயர் எழுதுவது, மூலையில் தேதி. கூட்டம் அடுத்த மாதம்தான் என்பதால் முதல் தாளை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அதோடு வெட்டிய கீற்று ஒன்று, சுவர்த்தாளில் வரைந்ததன் படம், எழுத்து வாரங்கள் தொடங்கியபின் வாசிக்கத் தெரிந்த சொற்களின் பட்டியல். தினம் நாலைந்து பிள்ளைகளை மட்டும் கவனித்து இரண்டு வரி எழுதிவைத்தால் வாரத்தில் 21 பேரும் முடிந்துவிடுவார்கள், மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும்போது திண்டாடவேண்டாம். தலைமையாசிரியர் கேட்டால், தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டத்தை 2017-இல் திருத்தியபோதும் விளையாட்டுவழிக் கற்றலைக் கற்பித்தல் அணுகுமுறையாகவே வைத்திருந்தார்கள் என்பதை எடுத்துச் சொல்லலாம். வருடக் கடைசியில் ஒரு பிள்ளை தன் பெயரை எழுதி, பன்னிரண்டு எழுத்தை ஒலியோடு அறிந்து, இருபது சொல் வாசித்தால் அது நல்ல வளர்ச்சி என்பது என் கணிப்பு.

வீட்டுப்பாடம் கேட்கும் பெற்றோருக்கு வேலை கொடுங்கள்: கீரை ஆயட்டும், தவுகே (முளைப்பயறு) வால் கிள்ளட்டும், சப்பாத்தி மாவு உருட்டட்டும், துணிக்கிளிப் போடட்டும். பத்து நிமிடம், தினமும்.

எட்டு வாரம் கழித்தும் ஒருவன் கூட்டல் குறியைப் பார்த்து வரையமுடியாமல், கரண்டி பிடிக்கவும் பட்டன் போடவும் திணறினால் காத்திருக்கவேண்டாம். பெற்றோரிடம் தனியாகப் பேசி, கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து, அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள். பேசாத மூவரில் யாராவது தன் பெயரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால், அல்லது ஆங்கிலத்திலும் அவ்வளவாகப் பேச்சில்லை என்று வீட்டில் சொன்னால், முதலில் காது பரிசோதனை. அழுகிற பையனுக்குக் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். தாளில் முகத்தை ஒட்டிக்கொண்டு எழுதுகிறானா என்று நாளைக்கே கவனியுங்கள்.